விலையில்லாக் கணினியும் கட்டற்ற மென்பொருளும்



2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் கொடுத்துவந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. அதிலிருந்து சங்கராபுரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் வீட்டில் கணினி வைத்திருக்கும் ஓய்வூதியர்களிடையே இதே பேச்சுதான். கணினி நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் திரையில் அடிக்கடி எச்சரிக்கை வருகிறது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், 2018க்கு முன் வாங்கிய கணினிகளில் பெரும்பாலானவற்றை அது ஏற்றுக்கொள்ளாது. கடைக்காரர் புதிதாக வாங்கிவிடுங்கள் என்கிறார். பேரனோ, "லினக்ஸ் போடுங்க தாத்தா, காசே வேணாம்" என்கிறான். ஓய்வூதியத்தில் முப்பது, நாற்பது ஆயிரம் ரூபாயைத் தூக்கிக் கொடுப்பது நம்மில் யாருக்கும் எளிதல்ல. யார் சொல்வதைக் கேட்பது?

இதற்குப் பதில் சொல்ல நான் கணினி வல்லுநன் அல்ல. அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதி ஓய்வு பெற்றவன். ஆனால் கோப்பு எழுதியவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு பொருள் மேசைக்கு வந்தால், இதற்கு முன்பு இதுபோல் நடந்திருக்கிறதா, அப்போது என்ன ஆயிற்று என்று முதலில் தேடிப் பார்ப்போம். சாதாரண மக்களுக்கு லினக்ஸ் ஒத்து வருமா என்ற கேள்வியை நம் தமிழ்நாடே இரண்டு முறை பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறது. பக்கத்துக் கேரளமும் பார்த்திருக்கிறது. பிரான்சு நாட்டுக் காவல் படையும் பார்த்திருக்கிறது. அந்தப் பழைய கோப்புகளைத்தான் இங்கே பிரிக்கிறேன்.

முதலில் சொல்லைப் பற்றி இரண்டு வார்த்தை. ஆங்கிலத்தில் 'ஃப்ரீ சாப்ட்வேர்' என்கிறார்கள். ஃப்ரீ என்றால் இலவசமா, சுதந்திரமா என்ற குழப்பம் அந்த மொழியில் இன்றுவரை தீரவில்லை. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் இந்தக் குழப்பம் கிடையாது. காசில்லாமல் கிடைப்பது 'கிராத்துய்'. கட்டுப்பாடில்லாதது 'லீப்ர்'. இரண்டும் வேறு வேறு சொற்கள். அங்கே இதற்கு 'லொஜிசியேல் லீப்ர்' என்றே பெயர். நம் தமிழிலும் நல்லவேளையாக இரண்டு சொற்கள் இருக்கின்றன. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. கட்டற்ற மென்பொருள் என்றால், அதை யாரும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். விலை இல்லாமல் கிடைப்பது பெரும்பாலும் அதன் விளைவு, அதுவே அதன் நோக்கம் அல்ல. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இந்த எண்ணத்தைத் தொடங்கிவைத்தவர் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன். 1983 செப்டம்பரில், யாருக்கும் உரிமைக் கட்டணம் கட்டத் தேவையில்லாத ஓர் இயங்குதளத்தை எழுதப்போவதாக அறிவித்தார். அதற்கு 'குனு' என்று பெயர் வைத்தார். பல பகுதிகள் தயாராயின, ஆனால் நடுநாயகமான கருவகம் மட்டும் முடியவில்லை. 1991இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், பொழுதுபோக்காக ஒரு கருவகம் எழுதிக்கொண்டிருப்பதாக அறிவித்தார். அடுத்த ஆண்டே அதைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டார். இரண்டும் சேர்ந்ததைத்தான் இன்று லினக்ஸ் என்கிறோம். உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானோர் கை வைத்துத் திருத்தித் திருத்தி வளர்ந்தது அது.

தமிழர்கள் இதில் பின்தங்கவில்லை. 2000க்கு முன்பின்னாகவே பல நாடுகளில் இருந்த தமிழ் ஆர்வலர்கள், லினக்ஸ் திரையில் வரும் சொற்களைத் தமிழில் மாற்றும் வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்யத் தொடங்கிவிட்டார்கள். அப்போது தமிழுக்குப் பெரிய தலைவலி எழுத்துரு. ஈழத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கினார். அந்த வழிவந்த விசைப்பலகையில் கை பழகியவர்கள் நாங்கள். கணினி வந்ததும் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியீடு, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு விசைப்பலகை என்றாகிவிட்டது. ஓர் அலுவலகத்தில் அடித்த கடிதத்தை இன்னோர் அலுவலகத்தில் திறந்தால், கட்டங்களும் ஐரோப்பிய எழுத்துகளுமாகத் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு 'தமிழ் 99' விசைப்பலகை வந்தது. ஒருங்குறியை அரசு தரமாக ஏற்கும் ஆணை, 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டின்போதுதான் வந்தது. இடைப்பட்ட அந்தப் பதினோரு ஆண்டுகளில் அலுவலகங்களில் குவிந்த தமிழ்க் கோப்புகள் பெரும்பாலும் பழைய எழுத்துருக்களில்தான் இருக்கின்றன. லினக்ஸ் அலுவலக மேசைக்கு வந்தது இந்த நேரத்தில்தான். அதன் கஷ்டத்தில் பாதி இதனால் வந்தது. தமிழ்நாட்டில் லினக்ஸ் சரிப்படவில்லை என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

முதல் சோதனை 2007இல் நடந்தது. தமிழ்நாடு மின்னணு நிறுவனம், அதாவது எல்காட், 1977இல் தொடங்கிய அரசு நிறுவனம். அரசுத் துறைகளுக்குக் கணினி வாங்கிக் கொடுப்பது அதன் வேலைகளில் ஒன்று. அப்போது அதன் நிர்வாக இயக்குநராக இருந்தவர் சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். திருவாரூர் மாவட்ட ஆட்சியராக இருந்தபோதே அலுவலகங்களைக் கணினிமயமாக்கியதற்காகப் பேசப்பட்டவர். அவர் ஊருக்கு உபதேசம் செய்வதற்கு முன்னால் எல்காட்டின் சொந்த அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றினார். அது சூசே என்ற வகை லினக்ஸ். அதன் பிறகு அரசுப் பள்ளிகளுக்குச் சுமார் 30,000 கணினிகளை அதே சூசே லினக்ஸோடு கொடுக்க ஏற்பாடாயிற்று. உலக அளவில் பள்ளிகளில் நடந்த பெரிய லினக்ஸ் திட்டங்களில் ஒன்றாக அப்போது அது பேசப்பட்டது.

2008இல் அவர் எல்காட்டிலிருந்து மாற்றப்பட்டார். அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. நல்ல காரியம் ஓர் அதிகாரியின் ஆர்வத்தில் மட்டும் நிற்கும்போது, அவர் போன பிறகு அடுத்த நாற்காலிக்காரருக்கு அது ஒரு பழைய கோப்பு. பள்ளிகளுக்குக் கணினி வந்தது, லினக்ஸும் வந்தது. அந்தப் பெட்டியின் முன்னால் உட்காரும் ஆசிரியரோ பிரவுசிங் சென்டரில் விண்டோஸ் கற்றவர். அச்சுப்பொறி ஓடாவிட்டால் கூப்பிட்டுக் கேட்க ஆள் இல்லை. சில இடங்களில் பெட்டி துணி போர்த்தியபடியே இருந்தது.

இரண்டாவது சோதனை இதைவிடப் பல மடங்கு பெரியது, நம் ஒவ்வொரு தெருவுக்கும் வந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று முதல்வர் ஜெயலலிதா மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதல் ஆண்டுக்கு மட்டும் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளுக்கு எல்காட் ஒப்பந்தப்புள்ளி கோரியது. திட்டம் நடந்த ஆண்டுகளில் மொத்தம் 50 லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். 'இலவசம்' என்ற சொல் வேண்டாம் என்று 'விலையில்லா மடிக்கணினி' என்று பெயர் வைத்தார்கள். அந்த மடிக்கணினியில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ். மற்றொன்று 'பாஸ்' என்ற லினக்ஸ்.

பாஸ் என்பது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் வைத்து உருவாக்கியது. டெபியன் என்ற பழைய, நம்பகமான லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு, இந்திய மொழிகளில் வேலை செய்யும்படி 2007இல் முதலில் வெளியிட்டார்கள். ஆக, நம் ஊர்ப் பிள்ளைகளின் கைக்கு விலையில்லாத ஒரு பெட்டி வந்தது. அதற்குள் கட்டற்ற ஒரு மென்பொருளும் இருந்தது. முன்பு சொன்ன இரண்டு சொற்களும் ஒரே பையில் சங்கராபுரம் வந்து சேர்ந்தன.

பிறகு என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். மடிக்கணினியை இயக்கியதும் எது வேண்டும் என்று திரையில் கேட்கும். பிள்ளைகள் விண்டோஸைத் தேர்ந்தெடுத்தார்கள். அண்ணன் அக்காவுக்குத் தெரிந்தது அதுதான், கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக் கொடுத்ததும் அதுதான். படம் பார்க்கவும் விளையாட்டுப் போடவும் வட்டில் இடம் போதாதபோது, கடையில் கொடுத்து 'பார்மட்' அடித்து பாஸ் இருந்த பகுதியை அழித்தார்கள். கடைக்காரர் அதற்குப் பதிலாகத் திருட்டு விண்டோஸ் ஒன்றை ஏற்றிக் கொடுத்தார். அதோடு வைரஸும் சேர்ந்து வந்தது. மலைப் பக்கம் வெள்ளிமலையைத் தாண்டிய கிராமங்களிலிருந்து உண்டு உறைவிடப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கும் அதே மடிக்கணினி கிடைத்தது. செல்போன் சிக்னலே சரியாக வராத ஊர்களில் வைரஸ் தடுப்பு எப்படிப் புதுப்பிப்பது? பென் டிரைவ் மூலம் பரவும் விண்டோஸ் வைரஸ் பாஸ் லினக்ஸில் பலிக்காது. அந்தப் பிள்ளைகளுக்குப் பொருத்தமானது எது என்று கேட்டால், அழிக்கப்பட்டதுதான் என்பேன். ஆனால் அதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

இதை வைத்து, லினக்ஸ் சாதாரண மனிதருக்கு ஒத்துவராது, 50 லட்சம் பேரிடம் கொடுத்தும் நிற்கவில்லையே என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. அப்படி முடிவு கட்டுவதற்கு முன்னால் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

கேரளத்தில் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்ற பள்ளிக் கணினித் திட்டம் 2001இல் தொடங்கியது. அதே ஆண்டில்தான் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. ஆரம்பத்தில் பள்ளிகளில் விண்டோஸ்தான். ஒரே நிறுவனத்தின் பொருளை அரசுப் பள்ளியில் பாடமாக வைக்கலாமா என்று ஆசிரியர் சங்கமே கேள்வி எழுப்பியது. சில ஆண்டுகளில் பள்ளிகள் லினக்ஸுக்கு மாறின. பாடப்புத்தகம் அதற்கேற்ப எழுதப்பட்டது. பத்தாம் வகுப்புத் தேர்வில் கணினிச் செய்முறையும் அதிலேயே நடந்தது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பள்ளிக்கு ஓர் ஆசிரியரைக் கணினிப் பொறுப்பாளராக வைத்தார்கள். 2017இல் அந்தத் திட்டம் 'கைட்' என்ற அரசு நிறுவனமாயிற்று. 2018இல் 'லிட்டில் கைட்ஸ்' என்று மாணவர் மன்றங்களைத் தொடங்கினார்கள். லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சேர்ந்தார்கள். பள்ளிக் கணினிகளைப் பார்த்துக்கொள்வதிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. 2019இல் புதிய பதிப்பை வெளியிட்டபோது, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்கு உரிமக் கட்டணமாகப் போயிருக்கக்கூடிய சுமார் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று கணக்குச் சொன்னார்கள்.

அங்கே ஓடியதும் லினக்ஸ்தான், இங்கே அழிக்கப்பட்டதும் லினக்ஸ்தான். மலையாளப் பிள்ளைக்கு மூளை ஒன்றும் கூடுதல் இல்லை. நாம் பெட்டியை வீட்டுக்குக் கொடுத்தோம். அவர்கள் ஆசிரியரைப் பழக்கினார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

பிரான்சில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இது எனக்குக் கொஞ்சம் நெருக்கமான விஷயம். பிரெஞ்சு ஆட்சியின் நினைவாகப் புதுச்சேரிக் காவலர் தலையில் இன்றும் சிவப்புத் தொப்பி இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். பிரான்சில் கிராமப்புறங்களைக் காவல் காக்கும் படைக்கு 'ழாந்தார்மெரி' என்று பெயர். நம் கிராமத்து ஏட்டையா போன்றவர்கள்தான் அதில் வேலை செய்பவர்கள், கணினிப் பொறியாளர்கள் அல்ல. அவர்கள் ஒரே நாளில் இயங்குதளத்தை மாற்றவில்லை. 2005இல் விண்டோஸை அப்படியே விட்டுவிட்டு, கடிதம் அடிக்கும் மென்பொருளை மட்டும் கட்டற்ற ஓப்பன் ஆபீஸுக்கு மாற்றினார்கள். 2006இல் இணையம் பார்க்க ஃபயர்பாக்ஸ், அஞ்சலுக்குத் தண்டர்பேர்ட். எல்லோருக்கும் கை பழகிய பிறகு, 2008 முதல் அடியில் இருந்த விண்டோஸை எடுத்துவிட்டு உபுண்டு லினக்ஸை வைத்தார்கள். மேலே இருந்தவை முன்பு பார்த்தவையே. 2013இல் 37,000 கணினிகள் மாறியிருந்தன. இன்று ஒரு லட்சத்தை ஒட்டிய அவர்களது கணினிகளில் ஏறக்குறைய எல்லாமே லினக்ஸ்.

அதே பிரான்சில் எதிர்மாறாகவும் நடந்தது. 2007இல் நாடாளுமன்ற உறுப்பினர்களின் கணினிகளை உபுண்டுவுக்கு மாற்றினார்கள். 2012இல் புதிய உறுப்பினர்கள் வந்தபோது, வேண்டுமானால் விண்டோஸே வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2003இல் முடிவெடுத்து, பத்தாண்டு உழைத்து, ஏறக்குறைய 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. தலைமை மாறியது. 2017இல் விண்டோஸுக்கே திரும்புவதென்று தீர்மானம் போட்டது. மேலே இருப்பவர் மாறினால் கீழே இருப்பது மாறும் என்பது நம் ஊருக்கு மட்டும் உரிய வழக்கம் அல்ல என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

வருவாய்த் துறையோடு பழக்கமுள்ளவர்களுக்கு இதைக் குடிமராமத்து என்று சொன்னால் புரியும். அந்தக் காலத்தில் ஏரிக்கும் வாய்க்காலுக்கும் தண்ணீர் பாயும் நிலத்துக்காரர்களே வீட்டுக்கு ஓர் ஆள் அனுப்பித் தூர் எடுப்பார்கள். அந்த ஏற்பாடு நின்ற ஊர்களில் ஏரி மேடாகிப்போனது. ஏரி பொதுச் சொத்தாக இருந்ததால் மேடாகவில்லை, யாரும் மண்வெட்டி எடுக்காததால் மேடாயிற்று. கட்டற்ற மென்பொருளும் அப்படித்தான். விண்டோஸ் என்பது குத்தகை நிலம். உரிமையாளர் ஒருவர் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார். நாளைக்குக் குத்தகை முடிந்தது என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. 2025 அக்டோபரில் நடந்தது அதுதான். லினக்ஸில் யாரும் நம்மை வெளியேற்ற முடியாது. ஆனால் வாய்க்காலில் அடைப்பு வந்தால் ஊரில் யாராவது ஒருவர் இறங்க வேண்டும்.

சாதாரண மனிதருக்கு லினக்ஸ் கஷ்டம் என்பவர்களிடம் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு செல்போனின் அடியில் ஓடுவது லினக்ஸ் கருவகம்தான். 2008இல் முதல் ஆண்ட்ராய்டு போன் வந்தது. கரும்புக்குக் கிரயம் வந்துவிட்டதா என்று மூங்கில்துறைப்பட்டு ஆலைப் பக்கத்து விவசாயி வங்கிக் கணக்கைப் பார்ப்பதும், நாம் பேரப்பிள்ளைகளிடம் வாட்ஸ்அப்பில் பேசுவதும் அதில்தான். பழைய சிவாஜி படம் பார்க்க எல்லோரும் வைத்திருக்கும் ஆரஞ்சு நிறக் கூம்பு போட்ட வி.எல்.சி. பாரிசு நகரத்து எக்கோல் சாந்த்ரால் பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடங்கி, 2001இல் கட்டற்ற உரிமத்தில் வெளிவந்தது. இவை நமக்குக் கஷ்டமாக இல்லை. ஏனென்றால் கடையிலிருந்து வரும்போதே தயாராக வருகின்றன, சந்தேகம் வந்தால் பக்கத்து வீட்டுப் பெண்ணே சொல்லிக் கொடுத்துவிடும்.

இனி நம் வீட்டுக் கணினிக்கு வருவோம்.

வீட்டில் இணையம் பார்ப்பது, அஞ்சல் அனுப்புவது, யூடியூப், செய்தித்தாள், கடிதம் தட்டச்சு செய்வது, படம் பார்ப்பது, இவ்வளவுதான் வேலை என்றால் பழைய கணினிக்கு லினக்ஸ் தாராளமாகப் போதும். ஃபயர்பாக்ஸ், வி.எல்.சி., லிபர் ஆபீஸ் எல்லாம் அதில் உண்டு. தமிழ் 99 விசைப்பலகையும் கிடைக்கும், அதைச் சேர்க்க ஐந்து நிமிடம் போதும். விண்டோஸில் நின்று நின்று ஓடிய பழைய கணினி லினக்ஸில் பெரும்பாலும் வேகமாகவே ஓடும்.

ஆனால் கீழே சொல்பவர்கள் அவசரப்பட வேண்டாம். டாலியில் கணக்கு எழுதுபவர்கள், போட்டோஷாப்பிலும் பேஜ்மேக்கரிலும் கல்யாணப் பத்திரிகை அடிப்பவர்கள், பழைய எழுத்துருவில் நிறையத் தமிழ்க் கோப்பு வைத்திருப்பவர்கள், டிஜிட்டல் கையொப்பச் சாவியைச் செருகி வேலை பார்ப்பவர்கள். இவர்களுடைய மென்பொருள்கள் பெரும்பாலும் லினக்ஸுக்கென்று எழுதப்பட்டவை அல்ல. நம் ஓய்வூதியர்களுக்கு முக்கியமான ஒன்று, 2014இல் வந்த ஜீவன் பிரமாண் என்ற மின்னணு உயிர்வாழ்வுச் சான்று. கணினிக்கான அதன் மென்பொருள் விண்டோஸுக்குத்தான் இருக்கிறது. கைரேகைக் கருவியை வீட்டுக் கணினியில் செருகி அதை முடிப்பவர்கள் லினக்ஸுக்குப் போனால் அந்த வேலை நின்றுவிடும். செல்போனில் முகத்தைக் காட்டியே முடித்துக்கொள்ளலாம் என்பவர்களுக்குக் கவலையில்லை.

மாற நினைப்பவர்களும் ழாந்தார்மெரி போன வழியிலேயே போங்கள். முதலில் இருக்கும் விண்டோஸிலேயே லிபர் ஆபீஸும் ஃபயர்பாக்ஸும் போட்டு இரண்டு மாதம் பழகுங்கள். விண்டோஸ் 10 வைத்திருப்போர் பதிவு செய்துகொண்டால், 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டித்துக்கொள்ள மைக்ரோசாப்ட் வழி வைத்திருக்கிறது. இடைக்கால ஏற்பாடாக அது போதும். பிறகு லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, எதையும் அழிக்காமல் அதிலிருந்தே கணினியை ஓட்டிப் பாருங்கள். ஒலி வருகிறதா, வைஃபை பிடிக்கிறதா, அச்சுப்பொறி ஓடுகிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். குடும்பப் படங்களையும் பத்திர நகல்களையும் வெளி வட்டில் எடுத்துவைக்காமல் யாரையும் கணினியில் கை வைக்க விடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், கூப்பிட்டால் வரக்கூடிய ஒருவர் இருக்கிறாரா என்று பாருங்கள். சென்னையில் இருக்கும் பேரன் தீபாவளிக்கு வந்து லினக்ஸ் போட்டுவிட்டுப் போய்விட்டால், தை மாதம் அச்சுப்பொறி நின்றால் யார் வருவார்? அப்படி ஒருவர் பக்கத்தில் இல்லையென்றால் விண்டோஸிலேயே இருங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அப்படிப்பட்டவர்கள் நம் பக்கத்திலும் உருவாகிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகும்வரை நாம் இருந்த விழுப்புரத்தில், விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களுக்குக் கட்டணமில்லாமல் பயிற்சி கொடுத்துவருகிறது. புதுச்சேரியிலும் கட்டற்ற மென்பொருள் இயக்கம் ஒன்று இருக்கிறது. 2012 முதல் 'கணியம்' என்ற இதழ் தமிழிலேயே இவற்றைப் பற்றி எழுதிவருகிறது. இவர்களில் யாருக்கும் இது சம்பள வேலை அல்ல. குடிமராமத்துக்கு மண்வெட்டியோடு வந்தவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2025 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கணினி கொடுப்பதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. பெட்டி கொடுப்பது நல்ல காரியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என் வேண்டுகோள் ஒன்றுதான். ஒவ்வொரு கல்லூரியிலும், ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் லினக்ஸ் தெரிந்த ஓர் ஆசிரியரையும் நாலு மாணவர்களையும் உருவாக்கிவிடுங்கள். சங்கராபுரம் அரசுப் பள்ளியில் அப்படி நாலு பிள்ளைகள் இருந்தால், அவர்கள் பள்ளிக் கணினிகளையும் பார்த்துக்கொள்வார்கள், சனிக்கிழமை மாலையில் நம்மைப் போன்ற கிழவர்களின் பழைய கணினிகளையும் உயிரோடு வைத்திருப்பார்கள். 2007இலும் 2011இலும் விட்டுப்போனது அந்த ஒன்றுதான்.

உங்கள் வீட்டுக் கணினியில் என்ன முடிவு எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். உங்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்த பழைய விலையில்லா மடிக்கணினி பரணில் கிடந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு முறை லினக்ஸில் ஓட்டிப் பாருங்கள்.